ஊதுற டெஸ்ட் நார்மல்னு வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்?

மும்பை பக்கத்துல டோம்பிவிலியிலருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க, வயசு 36. கடிதம் பெருசு, முக்கியமானத மட்டும் இங்க போடுறேன்.

"அக்கா, ரெண்டு மழைக்காலமா எனக்கு இருமல் விடவே மாட்டேங்குது. ராத்திரி 3 மணிக்கு எழுந்து உக்காந்து இருமுறேன், பசங்களும் முழிச்சுக்குறாங்க. மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு மிளகாய், மசாலா ஹோல்சேல் கடையில கணக்கு எழுதுற வேலை, மூணு வருஷமாச்சு. எக்ஸ்ரே, சளி டெஸ்ட் எல்லாம் பார்த்து டிபி இல்லன்னுட்டாங்க. ஒரு டாக்டர் ஆஸ்துமான்னு சொல்லி முதல்ல நீல இன்ஹேலர், அப்புறம் ஃபோராகார்ட் குடுத்தார். மனசு வந்தா அடிக்கிறேன், இல்லன்னா இல்ல. இன்னொருத்தர் ஊதுற டெஸ்ட் எடுத்துட்டு நார்மல், ஆஸ்துமாவே இல்ல, அசிடிட்டின்னார். இப்ப மூணாவதா பார்த்த நெஞ்சு டாக்டர் மெத்தகோலின் டெஸ்ட்னு எழுதியிருக்கார். மருந்து குடுத்து வேணும்னே மூச்ச இறுக்க வைப்பாங்களாமே? என் மாமியார், நல்லா இருக்குற நெஞ்ச எதுக்குடி கெடுத்துக்குற, இன்ஹேலர் பழகினா விடாதுன்னு சொல்றாங்க. எடுக்கலாமா வேணாமா அக்கா?"

தங்கச்சி, முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. நுரையீரல் டெஸ்ட் எடுக்குற டெக்னீஷியன், மும்பையில 17 வருஷமா இந்த வேலைதான் பார்க்குறேன், இழுங்க இழுங்க இழுங்க, ஊதுங்க ஊதுங்க ஊதுங்கன்னு ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல. எந்த மருந்து எவ்வளவுங்கறத உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா அந்த ரூம்ல என்ன நடக்கும், அந்த ரிசல்ட்ட எப்ப நம்பலாம், எப்ப நம்பக்கூடாதுங்கறத நான் சொல்ல முடியும், உங்க கேள்வியும் அதுதான்.

என் பதில், எடுங்க. ஆனா சரியான நிலமையில போய் எடுங்க. ஏன்னா இந்த டெஸ்ட் சொல்ற "இல்ல"ங்குற பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம், அந்த "இல்ல" உண்மையா இருக்கணும்னா நீங்க போற நிலமை சரியா இருக்கணும்.

மொதல்ல அந்த நார்மல் ரிப்போர்ட்ட பார்ப்போம், போட்டோ அனுப்பியிருந்தீங்க. எஃப்இவி ஒன்னுன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, முழுசா மூச்ச இழுத்துட்டு வேகமா ஊதுறப்ப முதல் ஒரே ஒரு செகண்ட்ல எவ்வளவு காத்து வெளிய வருதுன்னு அர்த்தம். உங்களுக்கு 2.40 லிட்டர், உங்க வயசுக்கும் உயரத்துக்கும் அது 96 சதவீதம், நல்ல நம்பர். அதுக்கப்புறம் மருந்து இழுக்க வச்சு திரும்ப ஊத சொல்லியிருக்காங்க, 4 சதவீதம் கூடியிருக்கு. ஆஸ்துமான்னு காட்ட குறைஞ்சது 12 சதவீதமும் 200 மில்லியும் கூடணும்னுதான் ரொம்ப வருஷமா வச்சிருக்குற கணக்கு, அதனால அந்த டாக்டர் "இல்ல"ன்னுட்டார். ஆனா யோசிச்சு பாருங்க, நீங்க போனது பகல் 11 மணிக்கு, அன்னிக்கு இருமல் கம்மின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மூச்சுக்குழாய் அந்த நேரம் திறந்துதான் இருந்திருக்கு, முழுசா திறந்த கதவ இன்னும் எவ்வளவு திறக்க முடியும். ஆஸ்துமா வந்து வந்து போற வியாதி, ராத்திரி 3 மணிக்கு இறுகுறது பகல்ல காணாம போயிடும். இருமல் மட்டுமே இருந்து வீசிங் சத்தம் இல்லாத ஆஸ்துமான்னும் ஒரு வகை இருக்கு, அவங்கள்ல நிறைய பேருக்கு சாதாரண ஊதுற டெஸ்ட் இப்படி அழகா நார்மலாதான் வரும். அதுக்காக உங்களுக்கு ஆஸ்துமாதான்னும் நான் சொல்லல. அந்த ஒரு பேப்பர வச்சு ரெண்டு பக்கமும் முடிவு பண்ண முடியாது, அவ்வளவுதான்.

அதுக்குத்தான் மெத்தகோலின். ஆஸ்துமா இருக்குறவங்க மூச்சுக்குழாய சுத்தி இருக்குற தசை ரொம்ப சீக்கிரம் சுருண்டுக்கும், தொட்டாசிணுங்கி மாதிரி. மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாத அளவு புகை, குளிர், தூசிக்கே அது சுருங்கிடும். மெத்தகோலின் அந்த தசைய நேரா தொட்டு சுருங்க வைக்கிற மருந்து. ரொம்ப ரொம்ப கம்மியில ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏத்தி எந்த படியில உங்க குழாய் சுருங்குதுன்னு பார்க்குறோம். கம்மியான அளவுலயே சுருங்கிட்டா ரொம்ப சென்சிடிவ், கடைசி படி வரைக்கும் அசையாம இருந்தா ஆஸ்துமாவுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி. இது நேத்து வந்த டெஸ்ட்டும் இல்ல, 1977லயே கனடாவுல ஹாமில்டன்ங்குற ஊர்ல காக்ராஃப்ட், ஹார்க்ரீவ்னு டாக்டர்கள் இதே மாதிரி சாதாரணமா மூச்சு விட்டபடியே ஹிஸ்டமின்னு குழாய சுருங்க வைக்கிற இன்னொரு மருந்த இழுக்க வச்சு அளக்குற முறைய எழுதி வச்சாங்க, இப்ப உலகத்துல நிறைய இடத்துல அதே வழியில மெத்தகோலின வச்சு பண்றாங்க.

ரூம்குள்ள என்ன நடக்கும்னு சொல்றேன், பயம் பாதி குறையும். உக்கார வச்சு மூக்குல ஒரு கிளிப் போடுவோம், கொஞ்சம் கிள்ளுற மாதிரி இருக்கும். முதல்ல மருந்தே இல்லாம ஊதுவீங்க. அடுத்து வெறும் உப்புத் தண்ணிய நெபுலைசர்ல இழுப்பீங்க, திரும்ப ஊதுவீங்க, அதுதான் ஆரம்ப நம்பர். உங்களுக்கு 2.40ன்னே வச்சுக்குவோம். இதுல 20 சதவீதம் போனா 1.92. என் கண்ணு முழுக்க அந்த 1.92லதான் இருக்கும். அதுக்கப்புறம் முதல் படி, நிறைய லேப்ல ஒரு மில்லிக்கு 0.0625 மில்லிகிராம், சாதாரணமா மூச்சு விட்டுக்கிட்டே ஒரு நிமிஷம் போல இழுக்கணும். முடிச்சதும் 30 செகண்ட்ல ஒரு தடவ ஊதணும், 90 செகண்ட்ல இன்னொரு தடவ. நம்பர் இறங்கலன்னா அடுத்த படி நாலு மடங்கு, 0.25, அப்புறம் 1, அப்புறம் 4, கடைசியா 16. எந்த படியில 1.92க்கு கீழ போகுதோ அங்கயே நிறுத்திடுவோம், அதுக்கு மேல ஒரு சொட்டு குடுக்க மாட்டோம். நீங்க பாதியில "போதும்க்கா"ன்னு சொன்னாலும் நிறுத்திடுவோம், அது உங்க உரிமை.

வேணும்னே இறுக்க வைப்பாங்களான்னு கேட்டீங்களே, ஆமா, கொஞ்சம் இறுகலாம், அத மறைச்சு சொல்றது தப்பு. சிலருக்கு நெஞ்சுல துணி கட்டின மாதிரி இருக்கும், சிலருக்கு இருமல் வரும், நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது, திரைய பார்த்து எனக்குத்தான் தெரியும். இறுகினதும் சால்பியூட்டமால் குடுப்போம், உங்ககிட்ட இருக்குற அதே நீல இன்ஹேலர்ல உள்ள மருந்துதான், சில நிமிஷத்துலயே இளக ஆரம்பிச்சுடும். நம்பர் பழைய இடத்துக்கு கிட்டத்தட்ட திரும்புற வரைக்கும், அதாவது ஆரம்பத்துல இருந்து 10 சதவீத வித்தியாசத்துக்குள்ள வர்ற வரைக்கும், உங்கள வீட்டுக்கு அனுப்பக்கூடாதுங்கறது விதி. பக்கத்துல டாக்டர் இருப்பார், ஆக்சிஜன் இருக்கும். போன வருஷம் ஒரு காலேஜ் பொண்ணு, 4 மில்லிகிராம் படியில நம்பர் இறங்கினதும் என் கையை பிடிச்சுக்கிட்டு, "அக்கா, ராத்திரி எனக்கு வர்றது இதேதான், இத யார்கிட்டயும் சொல்லி புரிய வைக்க முடியல"ன்னு அழுதுச்சு. பயந்து அழல, தனக்கு வர்றத ஒருத்தர் நேர்ல பார்த்துட்டாங்களேன்னு அழுதுச்சு. அத நான் மறக்கவே மாட்டேன்.

ஆனா எல்லாருக்கும் இத எடுக்க மாட்டோம். ஆரம்பத்துலயே எஃப்இவி ஒன் 60 சதவீதத்துக்கு கீழ இருந்தா கூடாது, கடைசி 3 மாசத்துல ஹார்ட் அட்டாக்கோ ஸ்ட்ரோக்கோ வந்திருந்தா கூடாது, பிபி கட்டுக்குள்ள இல்லன்னாலும், சமீபத்துல கண் ஆபரேஷன் ஆகியிருந்தாலும் கூடாது. கர்ப்பமா இருக்க வாய்ப்பிருந்தா கண்டிப்பா முன்னாடியே சொல்லுங்க, வெக்கப்பட வேணாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இத நிதானமா படிங்க. முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ஒரு அண்ணன் வந்தார், ஆட்டோ ஓட்டுறவர். "இன்ஹேலர் நிறுத்திட்டு வந்தீங்களா"ன்னு கேட்டேன், "நிறுத்திட்டேம்மா"ன்னார். நானும் டிக் போட்டுட்டேன். டெஸ்ட் கடைசி படி வரைக்கும் அசையல, நெகடிவ்னு ரிப்போர்ட் போச்சு. பத்து நாள் கழிச்சு ராத்திரி மூச்சுத்திணறி கேஷுவால்டிக்கு வந்துட்டார். அப்புறம் உக்கார வச்சு கேட்டா, அவர் நிறுத்தினது நீல இன்ஹேலர் மட்டும், இன்னொன்ன "அது தினம் அடிக்கிறது, அத டாக்டர் நிறுத்தக்கூடாதுன்னாரே"ன்னு அன்னிக்கு காலையிலயும் அடிச்சுட்டு வந்திருக்கார். அவர் மேல தப்பே இல்ல, நான் கேட்ட விதம் தப்பு, அந்த இடத்துல குடுக்குற சீட்டும் இங்கிலீஷ்ல மட்டும்தான் இருந்துச்சு. உடம்பு தேறி சில வாரம் கழிச்சு ஒழுங்கா நிறுத்த வச்சு திரும்ப எடுத்தோம், ரெண்டாவது படியிலயே இறங்கிடுச்சு. அன்னியிலருந்து நான் யார்கிட்டயும் "நிறுத்தினீங்களா"ன்னு கேக்குறதில்ல, "வீட்டுல இருக்குற எல்லா இன்ஹேலர் பம்பையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க, ஒவ்வொண்ணும் கடைசியா எப்ப அடிச்சீங்கன்னு நேரத்தோட சொல்லுங்க"ன்னுதான் கேக்குறேன். நீங்களும் அப்படியே போங்க.

நீல இன்ஹேலர், அதாவது வெறும் சால்பியூட்டமால், டெஸ்ட்டுக்கு முன்னாடி 6 மணி நேரமாவது அடிக்காம இருக்கணும். உங்க ஃபோராகார்ட்ல ஃபார்மோடெரால்னு நீண்ட நேரம் வேலை செய்யுற மருந்து இருக்கு, அதுக்கு 36 மணி நேரம், சனிக்கிழமை காலையில டெஸ்ட்னா வியாழக்கிழமை ராத்திரியிலருந்தே கிடையாதுன்னு வச்சுக்கோங்க. டையோட்ரோபியம்னு ஒண்ணு சிலருக்கு குடுப்பாங்க, அதுக்கு 7 நாள். செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை மெத்தகோலின் டெஸ்ட்ட கெடுக்காது, ஆனா அன்னிக்கே தோல்ல குத்தி பார்க்குற அலர்ஜி டெஸ்ட்டும் இருந்தா அதுக்கு கெடுக்கும், கேட்டுக்கோங்க. காபி டீ வேணாம்னு பழைய சீட்டுல இருக்கும், வழக்கமா குடிக்கிற அளவு பெருசா ஒண்ணும் மாத்தாதுன்னு பின்னாடி வந்த வழிகாட்டுதல்ல சொல்லிட்டாங்க, இருந்தாலும் உங்க லேப் வேணாம்னா அன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க. இதுல எதையும் டாக்டர கேக்காம நீங்களா நிறுத்தாதீங்க, நிறுத்தின நேரத்துல மூச்சு முட்டினா டெஸ்ட் கெடுமேன்னு பல்ல கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே பம்ப அடிங்க, தேதிய மாத்திக்கலாம்.

ஃபோராகார்ட்ல இன்னொரு மருந்தும் இருக்கு, பியூடெசனைடு, அது ஸ்டீராய்டு. அது 36 மணி நேரத்துல போயிடாது, வாரக்கணக்கா ஒழுங்கா அடிச்சவங்களுக்கு குழாயோட சென்சிடிவிட்டியே குறைஞ்சிருக்கும், அது மருந்தோட நல்ல வேலைதான். ஆனா அந்த நிலமையில டெஸ்ட் நெகடிவ் வந்தா "ஆஸ்துமா இல்ல"ன்னு சொல்ல முடியாது, "மருந்து வேலை செய்யுது"ன்னும் இருக்கலாம். நீங்க மனசு வந்தா அடிக்கிறேன்னு எனக்கு எழுதினீங்களே, அத அப்படியே உங்க டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. திட்டுவாரேன்னு "தினமும் அடிக்கிறேன்"னு சொல்லிட்டீங்கன்னா ரிசல்ட்டுக்கு வேற அர்த்தம் ஆயிடும்.

சளி காய்ச்சல் வந்திருந்தா தள்ளிப்போடுங்க. வைரஸ் ஜுரத்துக்கு அப்புறம் சில வாரத்துக்கு, சிலருக்கு ஒண்ணரை மாசம் வரைக்கும்கூட, ஆஸ்துமா இல்லாதவங்களுக்கும் குழாய் சிணுங்கிக்கிட்டுதான் இருக்கும்.

உங்க கடை விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. மிளகாய் நெடி யாருக்கும் இருமல் வர வைக்கும், அந்த சந்துல நடந்து போனாலே கண்ணு கரிக்கும், அது மட்டுமே ஆஸ்துமா ஆகாது. ஆனா மசாலா தூசியில நாள் முழுக்க வேலை பார்க்குற சிலருக்கு அந்த தூசியே ஆஸ்துமாவ கொண்டு வரலாம். ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கு, ஊருக்கு போய் பத்து நாள் இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு நீங்க எழுதவே இல்ல. அங்க குறைஞ்சு, திங்கட்கிழமை ராத்திரி திரும்ப வருதுன்னா அத டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லணும். டெஸ்ட்டையும் வேலைக்கு போய்க்கிட்டு இருக்குற வாரத்துலயே எடுங்க, நீண்ட லீவு முடிச்சுட்டு வந்து எடுத்தா குழாய் அமைதியாகி நெகடிவ் காட்டிடலாம்.

தேதி கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேணாம், மெடிக்கல் ஷாப்ல பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும், வாங்குங்க. காலையில எழுந்ததும், ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடியும், மூணு மூணு தடவ ஊதி பெரிய நம்பர எழுதுங்க, ரெண்டு வாரம், வேலை நாள் லீவு நாள்னு பக்கத்துல குறிச்சு. காலையில 330, ராத்திரி 400ன்னு வச்சுக்கோங்க, வித்தியாசம் 70, ரெண்டோட சராசரி 365, அப்ப 19 சதவீதம் ஆடுது. பெரியவங்களுக்கு தினசரி ஆட்டம் சராசரியா 10 சதவீதத்துக்கு மேல போனா ஆஸ்துமா பக்கம் கை காட்டுதுன்னு அர்த்தம். சில பேருக்கு இந்த நோட்டு ஒண்ணே போதும், மெத்தகோலின் வரைக்கும் போக வேண்டியதே இருக்காது. எல்லா லேப்லயும் மெத்தகோலின் எடுக்க மாட்டாங்க, அதனால எழுதிக் குடுத்த இடத்துல ஃபோன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க, டோம்பிவிலியிலருந்து ரயில்ல நசுங்கி வந்து "இங்க இல்ல"ன்னு கேட்டுட்டு திரும்புறது கொடுமை.

ரிப்போர்ட்ல பிசி 20ன்னு ஒரு நம்பர் வரும், எந்த அடர்த்தியில 20 சதவீதம் இறங்குச்சுன்னு அர்த்தம். 16க்கு மேலன்னா நார்மல், 4லருந்து 16க்குள்ளன்னா ரெண்டுங்கெட்டான், 1லருந்து 4 லேசானது, 1க்கு கீழ நல்லாவே சென்சிடிவ். 2017லருந்து பிடி 20ன்னு, எவ்வளவு மருந்து உள்ள போனப்ப 20 சதவீதம் இறங்குச்சுங்கறத மைக்ரோகிராம்லயும் குடுக்க சொல்லியிருக்காங்க, அதுல 400க்கு மேல நார்மல். உங்களுக்கு இருமல் இருக்குற காலத்துல, மருந்து தாக்கம் இல்லாம, வேலைக்கு போய்க்கிட்டு இருக்கும்போது நெகடிவ் வந்தா, அந்த ரெண்டாவது டாக்டர் சொன்ன அசிடிட்டிய, மூக்குலருந்து தொண்டைக்கு இறங்குற சளிய, பிபிக்கு ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி இருமல் வர வைக்கக்கூடிய மாத்திரை சாப்பிடுறீங்களாங்கறத எல்லாம் தைரியமா தேடலாம், தேவையில்லாம வருஷக்கணக்கா இன்ஹேலர் அடிக்க வேண்டியதில்ல. பாசிடிவ் வந்தா மட்டும் அத தனியா வச்சு முடிவு பண்ணக்கூடாது, மூக்கு அலர்ஜி இருக்குறவங்களுக்கும், சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும்கூட பாசிடிவ் வரும், உங்க ராத்திரி இருமலையும் பீக் ஃப்ளோ நோட்டையும் பக்கத்துல வச்சு பார்த்தாதான் அது ஆஸ்துமா. ரெண்டுங்கெட்டான் நம்பர் வந்தா சில டாக்டர் மானிட்டால்னு பவுடர இழுக்குற டெஸ்ட்டோ, டிரெட்மில்ல ஓட வச்சு ஊதுற டெஸ்ட்டோ சொல்வாங்க, அது வேற வழியில குழாய சீண்டுறது, பயப்பட ஒண்ணுமில்ல.

கடிதத்தோட கடைசியில, பால்கனியில புறாக்கூட்டம், தாதர்ல புறாவுக்கு தீனி போடுற கபூதர்கானாவ மூடினப்ப டிவியில நுரையீரல் போயிடும்னாங்களே, அதுவா இருக்குமான்னும் கேட்டிருந்தீங்க. புறாவால வர்ற அந்த நுரையீரல் வியாதி வேற, அது குழாய் சுருங்குறது இல்ல, உள்ள இருக்குற காத்துப் பையும் அதைச் சுத்தின திசுவும் வீங்குறது, அத மெத்தகோலின் கண்டுபிடிக்காது, அதுக்கு சிடி ஸ்கேன் அது இதுன்னு தனி டெஸ்ட் இருக்கு. மூச்சு வாங்குறது நாளுக்கு நாள் கூடுதா, எடை குறையுதான்னு டாக்டர் கேப்பார், இல்லன்னா நிம்மதி. புறா எச்சத்த மட்டும் காஞ்ச துடைப்பத்தால பெருக்காதீங்க, தண்ணி தெளிச்சு மாஸ்க் போட்டு துடைங்க.

உங்க மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, அம்மா, இன்ஹேலர்ல ஒரு தடவ அழுத்தினா வர்ற சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம், அதே மருந்து ஒரு மாத்திரையில 4 மில்லிகிராம், அதாவது 40 தடவ அழுத்துற அளவு ஒரே மாத்திரையில உடம்புக்குள்ள போகுது. பம்பு நேரா குழாய்க்கு போறதாலதான் இவ்வளவு கம்மியில முடியுது, பழகிப்போற போதை எதுவும் அதுல இல்ல. ஆனா அவங்க கவலையில ஒரு உண்மையும் இருக்கு, நீல பம்ப மட்டுமே நம்பி திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருக்குறது நல்லதில்ல, 2019லருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்லயே அப்படி தனியா குடுக்காதீங்கன்னு எழுதிட்டாங்க. அவங்களையும் டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போங்க, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கட்டும், டெஸ்ட் முடிஞ்சு நீங்க சிரிச்சுக்கிட்டு வெளிய வர்றத பார்த்தா அவங்களுக்கும் தெளியும்.

அன்னிக்கு இறுக்கமான பிளவுஸ் வேணாம், லூசா ஏதாவது போடுங்க, வயிறு முட்ட சாப்பிடாம லேசா சாப்பிட்டுட்டு போங்க, ரயில் பிடிக்க பாலத்துல ஓடாதீங்க, அரை மணி நேரம் முன்னாடியே போய் உக்காந்து மூச்ச ஆத்திக்கோங்க. ரிப்போர்ட் வந்ததும் அந்த பிசி 20 நம்பரும், கடைசியா ஃபோராகார்ட் அடிச்ச தேதியும் நேரமும், பீக் ஃப்ளோ நோட்டோட ஒரு பக்கமும் எனக்கு அனுப்புங்க, படிச்சு என்ன அர்த்தம்னு சொல்றேன், டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னும் சேர்த்து எழுதுறேன்.